முதல் இலை

ஐம்பதுகளின் கடைசியில் என் தங்கைக்கு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்கு அருகே ஒரு சத்திரத்தில் கல்யாணம். சமையலுக்குத் தொட்டியத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒடிசலான ஆள், புகையில் சிவந்த கண்கள். கூட்டாளிகளை அதட்டி வேலை வாங்கும்போதே அடிக்கடி ஒரு சொம்பை எடுத்து ஒரு மடக்கு குடிப்பார். அதில் வெறும் சீரகத் தண்ணீர்தான்.

பந்திக்கு முன் சமையல்காரர் எங்கள் எதிரில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவர் மோர்ச்சோறு போதும் என்றார். அப்பா விடவில்லை. நான்தான் வற்றல்குழம்பை ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினார்.

சற்று நேரத்தில், கிணற்றடியில் நெஞ்சைத் தடவியபடி நின்றார்.

“என்னங்க பண்ணுது?”

“நெஞ்செரிச்சல் தம்பி. புளி, காரம் பட்டா படுக்க முடியாது. உக்காந்தேதான் தூங்கணும். வீட்ல இட்லியும் மோர்ச்சோறும்தான்.”

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சமைக்கிறவனே சாப்பிட மாட்டேங்கிறான்னு பேச்சு வந்துட்டா, அப்புறம் யாருங்க கூப்பிடுவாங்க? நீங்களும் வாயத் திறக்காதீங்க.”

சரி என்றேன்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா சமையலில் மகிழ்ந்துபோய், “எங்களோட உக்காந்து சாப்பிடணும்” என்று அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பரிமாறியது நான். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால், குழம்பை இரண்டு சொட்டு மட்டும் விட்டேன்.

சம்பந்தி என் கரண்டியைப் பார்த்தார். சமையல்காரர் அவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“தாராளமா ஊத்துங்க தம்பி.”