கருவாட்டு மூட்டையில் ஒரு கடல் பறவை

கருவாட்டு வியாபாரத்தில், வருகிற ஆள் முதலில் கடைக்காரனை முகர்ந்து பார்ப்பார்; பிறகுதான் சரக்கை. வாடை அடிக்கிற தொழில் எதிலாவது நீங்களும் காலம் தள்ளியிருந்தால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பஸ்ஸில் நம் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கல்யாண வீட்டில் நமக்கென்று வாசல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருவண்ணாமலையில் எனக்கு ஒரு கருவாட்டுக் கடை இருந்தது. மாட வீதிகளில் இந்தச் சரக்குக்கு இடம் ஏது? பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஒரு மரக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் சந்தை. இத்தனைக்கும் நான் சமுத்திரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பார்க்காததை எப்படி நம்புவது என்பது என் கட்சி.

பூவுக்கு அடியில்

எங்கள் ஊரில் கருவாடு தின்னாதவர் கம்மி; வாங்குபவர் மட்டும் யாருமே இல்லை. பௌர்ணமி, கிருத்திகை, தீபம், புரட்டாசி என்று விரதங்கள் போக மீதி நாட்களிலும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் முதலில் சைக்கிள் கடையில் நின்று டயர்களை ஆராய்வார். தெரு காலியானதும் சட்டென்று உள்ளே நுழைவார். கருவாட்டை இரண்டு காகிதத்தில் சுற்றி மஞ்சள் பையின் அடியில் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகைப்பூவைப் பரப்பிக்கொள்வார்.

ஒரு நாள் அப்படிப் பரப்பிக்கொண்டு வெளியே போனவர், வாசலில் தன் மேலதிகாரிமீதே முட்டிக்கொண்டார். இருவரும் சாமி கும்பிட வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். அதிகாரி கையிலும் ஒரு மஞ்சள் பை. அதன் மேலேயும் மல்லிகை. அவர் குமாஸ்தாவின் பையை ஒரு தடவை, என் கடையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "நீங்களும் பூ இங்கதான் வாங்கறீங்களா?"

அஞ்சலையின் கூடை

எனக்குச் சரக்கு கொண்டுவந்தவள் அஞ்சலை. மரக்காணம் பக்கத்துக் குப்பம். புருஷன் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவரும் மீனை அவளே உப்பிட்டுக் காயவைத்து, கூடையில் அடுக்கி, திண்டிவனம் வந்து பஸ் மாறி, செஞ்சி வழியாக இங்கே வருவாள். வாளை, நெத்திலி, காரப்பொடி என்று எந்த மீனை எடுத்தாலும் பல்லில் மணல் கடிபடாது. குறை ஒன்றுதான். தடவைக்குத் தடவை கூடை லேசாகிக்கொண்டு வந்தது, விலை கனத்துக்கொண்டு வந்தது.

காரணம் கேட்டால் விசைப்படகு என்பாள். எஞ்சின் வைத்த படகுகள் கரையோரம் வரை வந்து பெரிய வலையால் கடலின் அடித்தரையையே வழித்துக்கொண்டு போகின்றனவாம். குஞ்சும் மிஞ்சுவதில்லையாம். கட்டுமரக்காரர்கள் போட்டிருக்கும் வலையும் அதில் சிக்கி அறுந்து போகிறதாம். இப்படியே போனால் கட்டுமரத்தை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான் என்று புருஷன் சொல்கிறாராம். மழை, மழையின்மை, பஸ் ஸ்டிரைக் என்று விலையேற்றத்துக்கு வியாபாரிகள் சொல்லும் காரணம் எல்லாம் எனக்குப் பாடம். இது புதுசாக இருந்தது. அவ்வளவு பெரிய சமுத்திரத்தில் மீன் தீர்ந்துபோகுமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் தராசைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்பலைன்னா வந்து எறங்கிப் பாருண்ணா. உன் தராசைத்தான் நானும் நம்பல, வந்து நிக்கறனா இல்லையா?"

மல்லாட்டைக்காரர் கேட்டது

அந்தச் சமயத்தில்தான் தரகர் தேவராஜ் லாரியில் மூட்டை மூட்டையாக இறக்க ஆரம்பித்தார். அஞ்சலை விலையில் பாதிகூட இல்லை. மலிவாக வருகிற எதையும் நான் சந்தேகப்படுவேன், ஆனால் வாங்கிவிட்டுத்தான் சந்தேகப்படுவேன். மூட்டையின் வாயில் அருமையான நெத்திலி. கையை உள்ளே விட்டால் நகத்தளவு குஞ்சுகள், சுருண்டுபோன நண்டுகள், பெயர் தெரியாத ஏதேதோ. விசைப்படகுகள் இறாலுக்காகத்தான் போகின்றன, இறால் வெளிநாட்டுக்குப் போய்விடும், கூட வந்ததைக் கொட்டிக் காயவைத்தால் இந்த மூட்டை என்று தேவராஜே பெருமையாகச் சொன்னார்.

மேலே இருந்ததை மனிதர்களுக்கும், அடியில் இருந்ததைக் கோழிப்பண்ணைக்கும் வயல் உரத்துக்கும் விற்றேன். கீழ்பென்னாத்தூர் சந்தையில் சின்னசாமி என்று ஒரு விவசாயி. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைதான் அவர் பயிர். உரத்துக்கென்று கேட்டு வந்தவர், ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, நான் ஏதோ கலப்படம் செய்தது மாதிரி என்னையே பார்த்தார். பிறகு பிடியைத் திரும்ப மூட்டையிலேயே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்: "வெதை மல்லாட்டையைக்கூட வறுத்துத் தின்னுட்டவன் ஊட்டுக் கணக்கா இருக்குதே. அடுத்த பட்டத்துக்கு அவனுங்க என்னாத்த வெதைப்பானுங்க?"

முட்டையில் என்ன வாடை

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சுத்த சைவம். என் கடையைக் கடக்கும்போது மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் நேராக என் கடைக்குள் வந்து, கைக்குட்டையை அவிழ்த்து, பாதி கடித்த ஓர் அவித்த முட்டையை நீட்டினார். உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், வீட்டுக்குத் தெரியாமல் தினம் ஒன்று சாப்பிடுகிறாராம். வேங்கிக்கால் பக்கத்துப் பண்ணை முட்டை. கொஞ்ச நாளாக அதில் ஒரு வாடை. நிபுணன் என்ற முறையில் நான் முகர்ந்து சொல்ல வேண்டும்.

முகர்ந்தேன். மூலையில் கிடந்த தேவராஜ் மூட்டையையும் ஒரு தரம் முகர்ந்தேன். இரண்டும் ஒரே குடும்பம். அந்தப் பண்ணைக்குத் தீவனம் என் கடையிலிருந்துதான் போகிறது என்று நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. என் முகம் சொல்லிவிட்டது. அவர் முட்டையை மறுபடி கைக்குட்டையில் மடித்தார். தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு காதருகில் வந்து கேட்டார்: "முட்டை சைவம்னு டாக்டரை நம்பித்தான்பா ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் நான் எவ்ளோ மீன் தின்னிருப்பேன்?"

வளையம் போட்ட கால்

ஒரு சந்தைக்கு மறுநாள் கடையில் நல்ல கூட்டம். அஞ்சலையும் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். தேவராஜ் மூட்டையைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையில் மீனுக்குப் பதில் ஒரு கால் வந்தது. குச்சி போல மெலிந்த, கறுத்த பறவைக் கால். அதில் ஒரு சின்ன அலுமினிய வளையம், வளையத்தில் இங்கிலீஷ் எழுத்தும் எண்களும். காக்காவைக் காயவைத்து விற்கிறான் என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் மரக்கடை ஆட்கள்கூட வந்துவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவரும் வந்தார். மூட்டையைக் கொட்டினோம். இறக்கை மடிந்து தட்டையாகிப்போன ஒரு பறவை, மீனோடு மீனாகக் காய்ந்து கிடந்தது.

போலீஸ்காரருக்கு வளையம்தான் பிரச்சினை. எந்த நாட்டு உளவாளி என்று என்னைக் கேட்டார். தெருவில் போன கல்லூரி ஆசிரியர் ஒருவர், பறவை எங்கெங்கே போகிறது என்று அறிவதற்காக ஆராய்ச்சிக்காரர்கள் போடும் வளையம் அது என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று அவருடைய விலாசத்தையும் வாங்கிக்கொண்டார் போலீஸ்காரர்.

இந்தக் கூத்தில் அஞ்சலையை யாரும் கவனிக்கவில்லை. அவள் பறவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது ஆலா என்கிற கடல் பறவையாம். ஆலா கூட்டமாகச் சுற்றி எந்த இடத்தில் பாய்கிறதோ அங்கே மீன் இருக்கும். கட்டுமரக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் துடுப்புப் போடுவார்கள். விசைப்படகின் வலையில் துள்ளும் மீனுக்குப் பாய்ந்து அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் என்றாள். மீனும் போச்சு, மீன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறதும் போச்சு என்று சொல்லி அழுதாள். விலை ஏற்றுவதற்காக யாரும் செத்த பறவையை மடியில் வைத்துக்கொண்டு அழுவதில்லை. அன்றோடு அவள்மீது எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்தது.

போலீஸ்காரர் வளையத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து அது அவருடைய சைக்கிள் சாவியில் தொங்கியது. மெதுவாக விசாரித்தேன். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்: "கேஸு இன்னும் முடியல. சாட்சியைப் பத்தி நீ ஏன் ஜாஸ்தி கேக்கற?"

கூழுக்கு வெங்காயம்

ஆடி வந்தால் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஆடியே கிடையாது. வருஷா வருஷம் கருவாடு என் பொறுப்பு. சமையலுக்குத் தலைமை முனியம்மாக்கா. உப்பையும் சந்தேகப்படுவார், விறகையும் சந்தேகப்படுவார், என்னைக் கேட்கவே வேண்டாம்.

அந்த ஆடியில் அஞ்சலை வரவில்லை. செஞ்சி பஸ் கண்டக்டரிடம் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஒரு விசைப்படகு அவள் புருஷனின் வலையை முழுசாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. குப்பத்து ஆட்கள் திரண்டு போய்ப் படகை மறித்ததில் அடிதடி. கட்டுமரங்கள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. என்னிடம் இருந்தது தேவராஜ் மூட்டை மட்டும்தான். அதில் பெரியதாகப் பொறுக்கி முறத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

முனியம்மாக்கா முறத்தை ஒரு தரம் புடைத்தார். மணலும் குஞ்சுகளும் தனியாக விழுந்தன. அந்த மரக்காணத்துப் பெண் எங்கே என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், வலை போனது, ஆலா செத்தது எல்லாம். அந்த வலையை இழுத்துக்கொண்டு போன படகு பிடித்த மீனா இது என்று கேட்டார். இருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றேன். முறம் என் பக்கம் திரும்பி வந்தது. அந்த வருஷம் கூழுக்குச் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும்தான். தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்ற தெருவே என்னை முறைத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முனியம்மாக்கா கூழை என் சொம்பில் ஊற்றினார்: "ஒருத்தி வயித்துல அடிச்ச சரக்கு ஆத்தாளுக்கு வாணாம். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ குடி."

மறுநாளே தேவராஜ் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். லாபத்தை விட்டுவிட்டு ஒருவன் சும்மா இருப்பான் என்று அவரால் நம்ப முடியவில்லை. கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னைவிட எவன் கம்மி வெலைக்கு எறக்கறான், சொல்லு."

புரட்டாசியில் வந்த கூடை

அஞ்சலை கடைசியில் வந்தாள், அதுவும் புரட்டாசியில். ஊரே வாயைக் கட்டிக்கொண்டு, நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாதத்தில். பாதிக் கூடைதான். கடன்பட்டுப் புது வலை வாங்கியிருக்கிறார்கள். கரையோரக் கடலில் விசைப்படகு வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்களாம். சமுத்திரத்தில் கோடு போட்டு யார் பார்த்துக்கொண்டிருப்பது என்று சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். அஞ்சலைக்கும் அதே சந்தேகம். இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு வருகிறார்களாம்.

பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த முனியம்மாக்கா, கூடையில் இருந்த பெரிய வாளையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். விரதம் முடியும்வரை பானையில் கிடக்கட்டுமாம். சாமிக்காக நாம் ஒரு மாதம் வாயைக் கட்டுகிறோமே, மீன் முட்டையிடுகிற மாதத்தில் விசைப்படகுக்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்தால் குடி முழுகிவிடுமா என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. ஆலா வருகிறதா என்று அஞ்சலையைக் கேட்டேன். அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஒவ்வொரு கருவாடாக எடுத்து என் தராசில் வைத்தாள்: "ரெண்டு வந்துதுண்ணா. அதுங்க பின்னாலயே போய்த்தான் எங்கூட்டுக்காரரு இதைக் கொண்டாந்தாரு. தட்டுல கையை வெச்சு அழுத்தாத, எடு."

அத்தனை வருஷம் சந்தேகத்திலேயே பிழைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கருவாட்டுக்காரனைத் தாராளமாகச் சந்தேகப்படுங்கள், ஆனால் அவன் நெத்திலி என்று தருவது வேறொரு மீனின் குஞ்சாக இருந்தால் அந்தச் சந்தேகத்தைக் கடையோடு நிறுத்தாமல் கடல்வரைக்கும் கொண்டுபோங்கள்.