அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரம்

டெக்சஸில் நாங்கள் இருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து ஹூஸ்டன் கோயிலுக்குக் காரில் போகும் வழியில், பிக்கப் டிரக்கின் பின்னால் அண்டா வைத்து ஒருவர் வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். அது தொண்ணூற்றாறாம் வருஷம். அமெரிக்காவில் அவித்த கடலை கிடைக்கும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

எழுபது வயதிருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து, தொப்பியில் உப்புக் கறை. யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் ஒரு கடலையை உரித்துத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, தலையாட்டிய பிறகுதான் அள்ளுவார்.

“இது எங்க ஊர்ச் சமாச்சாரம்” என்று அவரிடம் ஆங்கிலத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். “அப்படியா? நீங்க உப்பு எப்போ போடுவீங்க?”

நான் தின்றிருக்கிறேனே தவிர அவித்ததில்லை. “கடைசியில்” என்றேன்.

காரில் ஏறியதும் மனைவி சிரித்தாள். “முதல்லயே போட்டாத்தான் உள்ள இறங்கும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

அடுத்த மாதம் போனபோது அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாத்திரமும் இருந்தது.

“உங்க ஊர் முறையில வச்சேன். போன வாரமும் வச்சேன், நீங்க வரலை” என்றார்.

அதிலிருந்து ஒன்றை உரித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மென்றார். பிறகு தலையாட்டிவிட்டு எனக்கு அள்ளினார்.

சப்பென்று இருந்தது. “ஊர்ல சாப்பிட்ட மாதிரியே இருக்கு” என்றேன். மனைவி காரை விட்டு இறங்கவேயில்லை.

ருசி பார்க்காமல் யாருக்கும் அள்ளித் தராத மனிதர், அன்று எதற்காகத் தலையாட்டினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.