வரைந்தவர்தான் பேசுவார்

புனேயின் ஔந்த் பகுதியில் ஒரு குடியிருப்பின் மாடியில் நானும் என் மராட்டியத் தோழியும் டிசைன் ஸ்டூடியோ தொடங்கியபோது ஒரே ஒரு விதிதான் வைத்தோம். படத்தை வரைந்தவரே அதை வாடிக்கையாளரிடம் காட்டிப் பேச வேண்டும். அதற்கு முன் நான் வேலை பார்த்த பெரிய நிறுவனத்தில் என் படங்களைப் பற்றி வேறு யாரோ பேசினார்கள். எதை மாற்றினார்கள் என்பதுகூட அச்சாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நான்கைந்து பேராக இருந்தவரை விதியை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் பெருகி, கீழ்த்தளத்தையும் வாடகைக்கு எடுத்த பிறகு, வாடிக்கையாளர்களைக் கவனிக்கச் சென்னைக்காரர் ஒருவரை மேனேஜராக வைத்தோம். திறமையானவர், நல்ல மனிதரும்கூட. நகருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை, தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் படங்களுக்கு மாதிரி வரைந்து வந்து காட்டச் சொன்னது. அதுவரை எங்களைத் தேடி வந்ததிலேயே பெரிய வேலை அது. படங்களைக் காட்டப் புறப்படும் நாள் காலையில் மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், ஆர்ட்டிஸ்ட்ட கூட்டிட்டுப் போக வேணாம். அவங்களுக்கு இங்கிலீஷ் சரியா வராது. நான் பேசிக்கறேன்."

"வரைஞ்சவங்க வரலீன்னா நானும் வரலீங்க," என்றேன்.

வரைந்தவள் புனேயிலேயே, ஏரவாடாவில் வளர்ந்தவள். ஓவியக் கல்லூரி முடித்து எங்களிடம் சேர்ந்திருந்தாள். தொழிற்சாலையில் அவள் மராட்டியில் பேசத் தொடங்கியதும் அங்கிருந்த அதிகாரி எங்கள் மேனேஜரைப் பார்த்தார். பிறகு, படத்தில் இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியின் முகத்தில் சிரிப்பு வேண்டும் என்றார். அவள் வார்த்தை தேடித் தடுமாறினாள். ஆனாலும், அந்த இடத்தில் நிற்பவன் தன் கையைத்தான் பார்ப்பான், சிரிக்க மாட்டான் என்று சொன்னாள். அதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்றவர், உங்கள் ஆபீஸில் முடிவெடுக்க யாரும் இல்லையா என்று என்னிடம் கேட்டார். முடிவெடுத்தவள் எதிரில்தான் இருக்கிறாள், அவளுக்குக் காரணம் சொல்லுங்கள், ஏற்றுக்கொண்டால் மாற்றுவாள் என்றேன்.

அந்த வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் காரில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த சில வாரங்களில் மேனேஜர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார். என் பிடிவாதம் கம்பெனியை வளரவிடாது என்று நேராகவே சொல்லிவிட்டுத்தான் போனார். தோழிக்கும் என்மேல் கோபம். இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தாள். விதி இருக்கட்டும், ஆனால் ஆட்களைப் பழக்காமல் சபையில் நிறுத்தினால் அது அவர்களுக்குத் தண்டனை என்றாள்.

அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து திங்கட்கிழமை காலைகளில் வேறு வேலை கிடையாது. ஒருவர் தன் படத்தைக் காட்டிப் பேசுவார், மற்றவர்கள் வாடிக்கையாளராக உட்கார்ந்து குடைவார்கள். மராட்டி, இந்தி, தமிழ், எது வருகிறதோ அதில் பேசலாம். ஏரவாடாப் பெண்தான் இப்போது அதை நடத்துகிறாள். கேள்வி கேட்பதில் அவளைப்போல இரக்கமில்லாதவர் இங்கே யாரும் இல்லை.

எங்களுக்குப் பிறகு தொடங்கியவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். போகட்டும். போன மாதம்கூட ஒரு பெரிய நிறுவனம், பேச ஒரே ஒருவர் வந்தால் போதும் என்றது. வரைந்தவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் வருவார்கள் என்று பதில் சொன்னோம். இன்னும் அழைப்பு வரவில்லை. நாங்கள் கையிலிருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.