கோர்ட் கலையும் வரை

தொண்ணூறுகளின் நடுவில் என் அண்ணன் மேல் மோசடி வழக்கு நடந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியோடு சேர்த்து ஒரு பைனான்சும் நடத்தி வந்தார். ஊரார் போட்ட டெபாசிட்டை எடுத்து நிட்டிங் மெஷின் வாங்கிவிட்டு, யாருக்கோ கடன் கொடுத்ததாகப் பொய்க்கணக்கு எழுதச் சொன்னார். எழுதியவர் கணக்குப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அண்ணனிடம் மறுபேச்சுப் பேசத் தெரியாத மனுஷன். அவர் மனைவி எங்கள் கம்பெனியில்தான் வேலை செய்தாள், தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் பிரிவில். அதற்கு நான் சூப்பர்வைசர்.

அண்ணனுக்கு உடனே ஜாமீன் கிடைத்தது. கணக்குப்பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. அவர் உள்ளேயே இருந்தார்.

இரண்டு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகிவிட்டது. எவ்வளவு தண்டனை என்பதுதான் பாக்கி. அதற்கு முந்தின நாள் அண்ணன் என்னிடம் வந்தார்.

"அம்மிணி, நாளைக்கு ஆளுங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டியா. நம்மள நம்பி எத்தனை குடும்பம் இருக்குதுன்னு ஜட்ஜ் ஐயா பாக்கோணும்."

ஆள் சேர்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. சரக்கு அனுப்பும் நெருக்கடியில் தீபாவளிக்கு மறுநாள்கூட செக்கிங் டேபிளில் ஆளை நிரப்பிவிடுவேன். சம்பளத்தோடு லீவு என்றதும் இரண்டு வேன் நிறைந்தது. கணக்குப்பிள்ளையின் மனைவி மட்டும் கம்பெனி கேட் அருகே தயங்கி நின்றாள்.

"நீயும் ஏறிக்கோ கண்ணு. உன்ற ஊட்டுக்காரரைப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றேன். ஏறிக்கொண்டாள். அவளுக்கு நல்லது செய்வதாக வேறு நினைத்துக்கொண்டேன். என்ன ஜென்மமோ நான்.

கோர்ட்டில் வக்கீல் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். இவர் ஜெயிலுக்குப் போனால் இத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். முன்வரிசையில் அவள் நின்றிருந்தாள்.

"எக்கா, வக்கீல்ட்ட அவுகளுக்கும் ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கக்கா" என்று என் முந்தானையைப் பிடித்தாள்.

"சும்மா இரு, காரியத்தைக் கெடுத்துப்போடாத" என்று அதட்டினேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கணக்குப்பிள்ளையைக் கேட்டார். அவர் என் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டார் அந்த மனுஷன்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, அவரை நம்பி இத்தனை தொழிலாளர்கள் என்று சொல்லி அபராதமும் கோர்ட் கலையும் வரை காவலும் விதித்தார் நீதிபதி. சாயங்காலம் வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான். பொய்க்கணக்கைத் தன் கையால் எழுதிய கணக்குப்பிள்ளைக்கு இரண்டு வருடம் ஜெயில். மதியம் நான் கொண்டுபோன தயிர்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அண்ணன், ஊறுகாய் வைக்கவில்லையா என்று கேட்டார். ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

அவள் எங்கள் வேனில்தான் திரும்பினாள். வேறு எப்படி வருவாள்? ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதாள். நான் முன்சீட்டைவிட்டு எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை சம்பளம் போட்டபோது கோர்ட்டுக்கு வந்த நாளையும் சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தேன். அவள் அந்த ஒரு நாள் கூலியை மட்டும் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"இது வேண்டாம்க்கா. அன்னைக்கு நான் எங்க வீட்டு அவுகளுக்காகல்லா வந்தேன்" என்றாள்.

நீதிபதிக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.