அரைப்பேர் மாத்திரை

அப்பாவுக்கு ஹிந்தி வராது என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இளவட்டமாக வந்து, கச்சால் தீவில் முப்பத்தைந்து வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். நாலு பாஷைக்காரர்களோடு வேலை பார்த்த மனுஷனுக்கு ஹிந்தி கொஞ்சமாவது காதில் ஏறாமலா இருக்கும்? அந்த யோசனையே எனக்கு வரவில்லை. போர்ட் பிளேரில் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்திருந்த எனக்கு அவ்வளவு தலைக்கனம்.

மேட்டில் ஏறினால் நெஞ்சை யாரோ பிடித்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதும், கப்பலில் வரவழைத்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர், பொறுமைசாலி. ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். இதயத் தசைக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது. ஓடியாடி வேலை செய்யும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, கூடுதல் ரத்தம் கேட்கிறது, கிடைக்காதபோது வலிக்கிறது. இந்த பீட்டா பிளாக்கர் மாத்திரை அடிக்கிற வேகத்தைக் குறைக்கும், இருக்கிற ரத்தத்தில் இதயம் சமாளித்துக்கொள்ளும். கடைசியாக விரலை நீட்டி ஒன்று சொன்னார். ஒரு நாள்கூட விடக்கூடாது, சட்டென்று நிறுத்தினால் ஹார்ட் அட்டாக்கே வரலாம்.

டாக்டர் சொன்னது முழுசாகப் பிடிபடாமல் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள். முழு நாள் வெட்டினால் முழுப்பேர், பாதி நாள் என்றால் அரைப்பேர். அது ஞாபகம் வந்து, "உங்க நெஞ்சு இனிமே முழுப்பேர் செய்ய வேணாம்பா, அரைப்பேர் போதும்னு வைக்கிற மாத்திரை இது" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். "நல்லா வெளங்கிச்சு புள்ள" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சாயங்காலம் அவருக்குக் கப்பல், அதற்குள் மருந்து வாங்க வேண்டும். நிறுத்தக்கூடாது என்பதை நான் சொல்லவில்லை. மாத்திரை என்றால் தினமும் போடுவதுதானே, இதைப் போய் சொல்லணுமா என்று விட்டுவிட்டேன். மூன்று மாசத்துக்கு வாங்கிக் கையில் கொடுத்தேன்.

இரண்டு மாசம் ஒரு குறையும் இல்லை. மேட்டில் ஏறினாலும் வலிக்கவில்லை என்றார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மரம் ஈரமாகிப் பால் வழிந்து வீணாகும் என்பதால் வெட்டு கிடையாது. போன் லைன் கிடைத்த ஒரு நாள், "மாத்திரை தீரப் போகுதா, அடுத்த கப்பல்ல அனுப்பவா?" என்று கேட்டேன்.

"நெறைய கெடக்கு புள்ள. மழையில பேரே இல்லியே."

மழை, வேலை இல்லை என்கிறார் என்று நினைத்து, "சரிப்பா" என்று வைத்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வெயில் வந்தது. முதல் நாள் வெட்டுக்குப் போனவர் ஏழெட்டு மரம் தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தீவு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்து பேசினார். தலைமாட்டில் இருந்த பையைக் காட்டினார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

"ஏம்ப்பா போடல?"

"வேலை செஞ்ச நாளெல்லாம் போட்டேனே. மழையில வீட்டுல சும்மாதான் படுத்திருந்தேன். நெஞ்சுக்கும் பேர் இல்ல. பேர் இல்லாத நாளைக்கு என்னாத்துக்கு அரைப்பேர் மாத்திரை?"

தப்பே சொல்ல முடியாத கணக்கு. நான் போட்டுக் கொடுத்த கணக்கு அது. என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது.

அப்போது டாக்டர் வந்தார். அட்டைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. நிறுத்தக்கூடாது என்று அவ்வளவு சொன்னேனே, ஏன் நிறுத்தினார் என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது, நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். "பூல் கயே, ஸாப்" என்றேன். மறந்துவிட்டாராம்.

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் இல்லை. பிறகு டாக்டரைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, "ஹம் பூல் கயா, டாக்டர் ஸாப்" என்றார்.

டாக்டர் அவரைச் சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டினார். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி மரம், மேடு என்று போகவே கூடாது, இப்படிக் கவனிக்கிற மகள் கிடைத்தும் உங்களுக்கு அக்கறை இல்லையே என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டாக்டர் போனதும், "தண்ணி குடு புள்ள" என்றார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் என் வீட்டுக்கு வாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டேன், ஏரோப்ளேன் சத்தத்தில் மனுஷன் இருப்பானா என்று கச்சாலுக்கே போய்விட்டார். லைன் கிடைக்கிற நாளெல்லாம் நான் கேட்பதற்கு முன்னாலேயே அவரே சொல்லிவிடுவார்.

"மாத்திரை போட்டுட்டேன் புள்ள. மறக்கல."

குத்திக் காட்டுகிற மனுஷன் இல்லை அவர். நான் கவலைப்படக் கூடாதே என்றுதான் சொன்னார். நீங்க எப்பவுமே மறக்கலப்பா, நான்தான் சொல்லல என்று ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். இரண்டு வருஷமும் "சரிப்பா" என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.