மீட்டரை எடுத்ததும் எரிந்த விளக்கு

ஊரப்பாக்கத்தில், மீன்பிடிப் படகு விளக்குக்குச் சர்க்யூட் போர்டு செய்யும் பட்டறையில் ஹெலனுக்கு ஆறு வருஷமாகச் சால்டரிங் வேலை. அங்கே ஒரு வழக்கம்: போர்டை முடித்தவர் அதன் பின்பக்கம் மார்க்கரால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். ஹெலன் 'ஹெ' போடுவாள், கொம்பைச் சற்று நீட்டி. காலமெல்லாம் பிறர் வயலில் நின்ற குடும்பத்தில் முதல் ஐ.டி.ஐ. சான்றிதழ் அவளுடையது, கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

அந்தத் திமிரே வினையாயிற்று. மாமல்லபுரம் மீனவர்களுக்குப் போன நாற்பது விளக்கும் திரும்பி வந்தன. சுவிட்சைத் தொடாமலே பட்டப்பகலில் தானாக எரிந்து, கடலுக்குப் போகும் நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறதாம். நாற்பதிலும் 'ஹெ'.

"வேல சுத்தம் இல்ல. திங்கக்கெழமைலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடு," என்றார் முதலாளி தீனதயாளன்.

அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா படித்தோம் என்று ஹெலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு போர்டை எடுத்துக்கொண்டு, அதை வரைந்த இன்ஜினியர் விஷாகாவின் மேஜைக்கு நேராகப் போனாள்.

விஷாகா போர்டில் ஒரு விளக்கை மாட்டி, மீட்டர் முனையை ரெகுலேட்டரின் எனேபிள் காலில் வைத்து, சுவிட்சைப் போடாமல் பேட்டரியை இணைத்தாள். விளக்குக்கு மின்சாரம் விடலாமா கூடாதா என்று உத்தரவு வாங்கும் கால் அது. மீட்டர் பூஜ்யம் காட்டியது. விளக்கு எரியவில்லை.

"டிசைன் சரியாத்தான் இருக்கு, ஹெலன்க்கா," என்று முனையை எடுத்தாள்.

அவள் பார்வை மீட்டரில். ஹெலனின் பார்வை விளக்கில். அது பளிச்சென்று எரிந்தது.

"மேடம், திரும்ப வைங்க... அணஞ்சிச்சா? எடுங்க... எரியுதா? நம்ம மீட்டரே அந்தக் கால கீழ இழுத்துப் புடிச்சிகினு கீது. மீட்டர் இல்லாங்காட்டி அத்தப் புடிக்க இன்னா கீது?"

விஷாகா அவசரமாக வரைபடத்தைத் திறந்தாள். சுவிட்சைப் போட்டால் அந்தக் காலுக்கு மின்சாரம் வரும். போடாதபோது அதை எதனோடும் அவள் கட்டவில்லை. கொக்கி மாட்டாத கதவு எந்தக் காற்றுக்கும் திறக்கும். மூன்று முறை சோதித்திருந்தாள். மூன்று முறையும் மீட்டரை வைத்துக்கொண்டேதான்.

ஹெலன் அரிசி நொய் அளவு ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை எனேபிள் காலிலும் மறுமுனையைப் பூஜ்ய மின்னழுத்தமான கிரவுண்டிலும் பற்றவைத்தாள். கதவுக்குக் கொக்கி. மீட்டர் தள்ளியே கிடந்தது. விளக்கு எரியவில்லை. சுவிட்சைப் போட்டாள், எரிந்தது, நிறுத்தினாள், அணைந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷாகா முதலாளியைக் கூப்பிட்டாள். "தப்பு அவங்க வேலையில இல்ல சார். என் டிராயிங்ல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் பாவத்தை இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்? ஹெலனின் பாதிக் கோபம் அங்கேயே கரைந்தது.

தீனதயாளன் தலையைச் சொறிந்தார். "சரி, நாப்பதையும் யாரு சரி பண்றது?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் பேக்கிங்காச்சே."

விஷாகா சிரித்துவிட்டாள். முதலாளியும் வழியில்லாமல் சிரித்தார்.

திங்கட்கிழமை ஹெலன் தன் மேஜையில்தான் இருந்தாள். புதன்கிழமை நாற்பதும் முடிந்தன. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு போர்டாகத் திருப்பி, மங்கியிருந்த பழைய 'ஹெ'யின்மேல் மார்க்கரை அழுத்தி ஓட்டினாள். கொம்பு இந்த முறை இன்னும் கொஞ்சம் நீளம்.