செல்லம்மாக்காவின் ஈறில் தெரிந்த பச்சை

குன்னூருக்கு வந்த முதல் வாரம், பேக்கரியில் போய் "அரை றாத்தல் பாண் குடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பன்னுங்களா? ஒன்னு போதுங்களா?" என்று ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். றாத்தல் என்கிற எடையும் அவருக்குப் புரியவில்லை, பாண் என்றால் ரொட்டி என்பதும் புரியவில்லை. இலங்கையில் ஹட்டன் பக்கம் இன்னும் இருக்கிற சொந்தங்களே, உங்களுக்குத் தெரியும், அங்கே நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே நாம் சிலோன்காரங்க. நான் பன்னைத் தின்றுகொண்டே வேலைக்கு நடந்தேன். கண்டியில் திசுத் துணுக்குகளை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவப் பழகியிருந்ததால், இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்குச் சேரம்பாடியில் தோட்ட வேலை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீடு செல்லம்மாக்காவுடையது. இலங்கையிலிருந்து வந்து இறங்கியதும் தங்கிய மண்டபம் முகாமில் எங்களோடு ஒரே அடுப்பில் சமைத்தவள். மழைக்காலம் முடிந்த சமயம் தம்பி அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் உப்பி, கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. "இந்த ஊருத் தண்ணி எனக்கு ஆகல புள்ள. இந்த மண்ணு என்னைய ஏத்துக்கல. எப்பிடியாச்சும் தோணி ஏறித் திரும்பிப் போயிர்றேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தோணிக்காரன் ஒருவனிடம் ஆள் விட்டு விசாரித்தும் இருந்தாள்.

எங்கள் டாக்டரம்மா கோயம்புத்தூர்க்காரர். செல்லம்மாக்காவின் சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போவதைப் பார்த்தார். சிறுநீரகக் கோளாறுதான், ஆனால் எதனால் என்று தெரியவேண்டும். நெஞ்சுப் படத்தில் பழைய காசத்தின் தடம் இருந்தது. வேறு வியாதி என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்தால், அடங்கிக் கிடக்கும் காசம் கிளம்பிவிடும். "அமிலாய்டா இருக்குமோன்னு சந்தேகமுங்க கமலா. காங்கோ ரெட் சாயம் போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

அமிலாய்டு என்றால் மாவுச்சத்து போன்றது என்று அர்த்தமாம். முதலில் கண்டவர்கள், அயோடின் பட்டு நிறம் மாறியதால் மாவு என்று எண்ணிப் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது புரதம். உடம்பு பல காலம் ஒரு நோயோடு மல்லுக்கட்டும்போது, ஒரு புரதம் தப்பாக மடிந்து, நூல் நூலாகத் திரண்டு, உறுப்புகளில் படிந்துவிடுகிறது. பெயர் தப்பு என்று தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, தெரிந்த கதையாகவும் இருந்தது.

அது ஈறிலும் படியுமாம்; சிறுநீரகத்தைக் குத்தாமல், டாக்டரம்மா ஈறிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார். நான் சீவி, சாயத்தில் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாதா வெளிச்சத்தில் ரோஜா நிறத் திட்டுகள். டாக்டரம்மா ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளை, ஒன்று கண்ணாடிச் சில்லுக்குக் கீழே, ஒன்று மேலே வைத்து, மேலதைத் திருப்பினார். எல்லாம் இருண்டது. அந்த இருட்டில் வெள்ளையாகச் சில நார்கள் மட்டும் மினுங்கின. "இது சாதாரண நார்தானுங்க. பச்சை வரணும். ரொம்ப மெல்லிசாச் சீவிட்டோம். கொஞ்சம் தடிமனாச் சீவுங்க" என்றார்.

மெல்லிசாகச் சீவுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று கண்டியில் பழகிய கை எனது. தடிமனாகச் சீவ மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சீவினேன். இந்த முறை தகட்டைத் திருப்பியதும் இருட்டுக்குள்ளிருந்து பச்சை எழுந்தது. ஊட்டி ஆப்பிளின் பச்சை. சில்லைச் சுழற்றினால் மறைந்தது, இன்னும் சுழற்றினால் மறுபடி வந்தது. நூல்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால் சாயமும் அவற்றோடு வரிசையாகப் படுத்து ஒளியைத் திருப்புகிறதாம். கெடுதல் செய்கிற ஒன்று இத்தனை ஒழுங்காக இருக்குமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செல்லம்மாக்காவையும் பார்க்கச் சொன்னோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது அங்கிட்டு வந்ததா, இங்கிட்டு வந்ததா?"

"அது இதுல தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா தண்ணியால வரலை. அந்தப் பழைய காச இருமல்ல வந்தது. படிஞ்சது கரையுமான்னு சொல்ல முடியாது, மேல படியாமத் தடுக்கலாம். மாத்திரையை நிறுத்தாமச் சாப்புடணும்."

"அப்ப மண்ணு மேல குத்தமில்ல" என்றாள் அவள், பாதி நம்பிக்கையோடு. தோணிப் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

வெயில் காலத்தில் சேரம்பாடி போனேன். வீக்கம் முழுக்க வற்றவில்லை. ஆனால் லயத்து வாசலில் தானே நின்று விறகு பிளந்துகொண்டிருந்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். ரோடு வரை நடந்து வந்து, குன்னூர் திரும்ப என்னை ஊட்டி பஸ்ஸில் ஏற்றினாள். "ஊருக்குப் போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடு புள்ள" என்றாள். எந்த ஊர் என்று யோசித்தபடியே உட்கார்ந்தேன்.

"எங்கீங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"ஹட்டன்" என்றது வாய்.

"அட்டனா? அது எங்கீங்க, கூடலூர் தாண்டியா?"

"ஆமாங்க, தாண்டித்தான்" என்றேன். ஊட்டிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.